என் மட்டக்குதிரை மிரண்ட இடங்கள்

பாம்பைக் கண்டால் குதிரை மிரளும் என்று எங்கள் நாஞ்சில் நாட்டில் குதிரை வைத்திராத எல்லோரும் சொல்வார்கள். குதிரை வைத்திருந்தவர்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. முப்பத்தெட்டு வயதுவரை நானும் முதல் கூட்டத்தில்தான் இருந்தேன்.

அப்போது எனக்கு அம்மை குத்துகிறவர்களை மேற்பார்வை செய்யும் வேலை. யார் யாருக்குக் குத்தியிருக்கிறது, குத்திய இடத்தில் பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்க் கைகளைப் பார்த்து எழுதி, விட்டுப்போனவர்களுக்கு நானே குத்திவிட்டு வர வேண்டும். வீடு நாகர்கோவிலில். செவ்வாய்க்கிழமை தோறும் சுசீந்திரம் வழியாக மயிலாடி, அங்கிருந்து அஞ்சுகிராமம், கடைசியில் வட்டக்கோட்டைப் பக்கத்துக் கடற்கரைக் குடியிருப்புகள். மாட்டு வண்டியில் போனால் பொழுது வழியிலேயே போய்விடும். பஸ்ஸில் போனால் பஸ் நிற்கிற ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் அம்மை குத்த முடியும். ஆகவே, மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன மட்டக்குதிரையையும், கூடவே ஒரு சின்ன இரண்டு சக்கர வண்டியையும் வாங்கினேன். செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. நாங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. என் மனைவி அதைப் ‘பெரிய மனுசர்’ என்பாள். “பெரிய மனுசருக்குக் காணம் வெந்தாச்சு” என்றால் கொள்ளு தயார், நான் போய்க் கொடுக்க வேண்டும் என்று பொருள்.

நாட்குறிப்பு எழுதுவது எனக்குக் கல்யாணத்துக்கு முந்திய பழக்கம். பக்கத்துக்கு ஐந்து பத்தி கோடு போட்டிருப்பேன்: நாள், கிழமை, நேரம், இடம், விவரம். குதிரை வந்த இரண்டாவது வாரத்தில் ஆறாவதாக ஒரு பத்தி சேர்க்க வேண்டியதாயிற்று. அதன் தலைப்பு ‘மிரட்சி.’

அந்தப் பத்தியை இப்போது புரட்டினாலும் சிரிப்பு வருகிறது. முதல் ஆறு மாதத்தில் என் குதிரை கண்டு மிரண்டவை: கொடியில் உலர்த்திய ஈர வேட்டி, வெள்ளைக் கோழி, பாதிரியார் விரித்த குடை, வாழையிலைக் கட்டு சுமந்து வந்த பெண், சுசீந்திரம் குளத்தில் எம்பிக் குதித்த ஒரு மீன். மிரளாதவை: கல்யாண ஊர்வலத்து பேண்டு, வேட்டுச் சத்தம், சந்தைக் கூட்டம். மோட்டார் பஸ்ஸைக் கண்டு முதல் மாதம் மிரண்டது. இரண்டாம் மாதம் பஸ்தான் ஒதுங்க வேண்டியிருந்தது.

மயிலாடியில் முதல்முறை மிரண்டது ஆவணி மாதத்தில். ஆவணி ஞாயிறுகளில் எங்கள் ஊர் நாகர் கோயிலில் கல்நாகங்களுக்குப் பால் ஊற்ற வரும் கூட்டம் கொஞ்சமல்ல. வேண்டுதல் உள்ளவர்கள் புதிதாக நாகக்கல் அடித்து வாங்கிப் பிரதிஷ்டையும் செய்வார்கள். அதனால் மயிலாடிக் கல்தச்சர்களுக்கு அது கைநிறைய வேலையுள்ள மாதம். சாலையோரத்துப் பட்டறைகளில் ஐந்துதலை, மூன்றுதலை, ஒற்றைத்தலை என்று பாம்புகள் வரிசையாக நிற்கும். நாங்கள் கிறிஸ்தவர்கள், சபைக்குப் போகிறவர்கள். நாகக்கல்லோடு எனக்கு இருந்த ஒரே தொடர்பு அதைத் தாண்டிப் போவதுதான்.

அன்று தாண்டவில்லை. சாலை வளைவில் இருந்த பட்டறைக்கு முன்னால் வந்ததும் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி, பக்கவாட்டில் பாய்ந்து, வண்டியின் இடது சக்கரத்தை ஓடைக்குள் இறக்கிவிட்டது. நான் கல்சில்லுக் குவியலில் உட்கார்ந்திருந்தேன். மருந்துப் பெட்டி மட்டும் மடியில் பத்திரமாக இருந்தது. நேரம் எட்டு மணி இருபது நிமிஷம்.

பட்டறைக்காரர் ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. புருவத்திலும் மீசையிலும் கல்தூள் படிந்து, முகத்துக்கு மட்டும் முன்கூட்டியே வயதாகிவிட்டது போலிருந்தது. என்னைத் தூக்கத்தான் வருகிறார் என்று கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் குதிரையைப் பார்த்தார். பிறகு திரும்பித் தம் பட்டறை வாசலில் நின்ற மூன்றுதலை நாகத்தைப் பார்த்தார்.

“சாறே! ஒங்க குதிர எனக்க பாம்பக் கண்டு பேடிச்சிட்டு! பாத்தீளா?”

“பார்த்தேன், ஆசாரியாரே. கொஞ்சம் கை கொடுங்கள்.”

“கல்லுன்னு அதுக்குத் தெரியல்ல. உசிரு இருக்குன்னு நெனச்சிட்டு. ஏட்டி, இஞ்ச வா! குதிர பேடிச்சதப் பாரு!”

அவர் மனைவி வந்தாள். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களும் வந்தார்கள். நானாகவே எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டேன். எதிர்ப் பட்டறைக்காரர் ஒருவர் மட்டும், “ஒனக்க மூஞ்சியப் பாத்துப் பேடிச்சிருக்கும் மக்கா” என்றார். அவர் பேச்சு அன்று எடுபடவில்லை.

அடுத்த செவ்வாய்க்குள் செய்தி எனக்கு முன்னால் பயணம் செய்திருந்தது. அஞ்சுகிராமத்தில் கையைக் காட்ட வந்த கிழவர் ஒருவர், “மயிலாடியில கல்லுப்பாம்பு சீறி ஒரு குதிர செத்துப்போச்சாமே, சாறு கேட்டீளா?” என்று என்னிடமே கேட்டார். குதிரை அவருக்குப் பின்னால் நின்று அவருடைய வேலியைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த இரண்டாவது செவ்வாயும் அதே வளைவில் குதிரை மிரண்டது. மூன்றாவது செவ்வாயும் மிரண்டது. பட்டறை வாசலில் எட்டேகால் மணிக்கே ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். கல்தச்சர் ஒவ்வொரு வாரமும் புதிய நாகம் ஒன்றை வாசலில் நிறுத்திவைப்பார். குதிரை மிரண்டதும், “கண்டேளா!” என்று கூட்டத்தைப் பார்ப்பார். ஆவணி ஞாயிறுக்குக் கல் வேண்டியவர்கள் மற்ற பட்டறைகளை விட்டுவிட்டு அவரிடம் வந்தார்கள். ‘குதிரை மிரண்ட கல்’ என்று கேட்டே வாங்கினார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு. குதிரை கல்லைக் கண்டு மிரள்கிறது என்றால் பாம்பைக் கண்டும் மிரள வேண்டும். அதை நான் இன்னும் பார்த்ததில்லை.

பார்க்கும் நாளும் வந்தது. நான்காவது செவ்வாய், அஞ்சுகிராமம் தாண்டி வட்டக்கோட்டைக்குப் போகும் மணல்பாதை. இரண்டு பக்கமும் உடைமரங்கள். மாலை நாலு மணி பத்து நிமிஷம். குதிரை தானாகவே நின்றது. மூன்றடி முன்னால் ஒரு நல்லபாம்பு இடமிருந்து வலமாகப் பாதையைக் கடந்துகொண்டிருந்தது. பாதியில் நின்று, ஒரு சாண் உயரம் தலையைத் தூக்கிப் பாதிப் படம் விரித்தது. நான் கடிவாள வாரை விட்டுவிட்டு இரண்டு கால்களையும் ஆசனத்தின் மேல் தூக்கிக்கொண்டேன். குதிரை என்ன செய்தது? தலையைத் தாழ்த்தியது. இரண்டு காதுகளையும் முன்னால் குவித்தது. மூக்கால் ஒரு முறை பலமாக ஊதியது; ஓரடி பின்வாங்கியது. பிறகு, அஞ்சலில் வந்த கடிதத்தைப் படிப்பவர் போல அப்படியே பார்த்துக்கொண்டு நின்றது. பாம்பு படத்தைச் சுருக்கி வலது பக்கப் புதரில் நுழைந்தது. குதிரை மறுபடியும் நடந்தது.

இருபது கஜம் போனதும் ஒரு காய்ந்த பனையோலை காற்றில் சரசரத்தது. அதற்குக் குதிரை இரண்டடி உயரம் எம்பியது.

அன்றைக்கு ஆறாவது பத்தியில் இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் சோதனை செய்து பார்க்கத் தீர்மானித்தேன். புறவாசலில் குதிரையைக் கட்டினேன். முதலில் தடிமனான கயிறு ஒன்றை அதன் முன்னால் பாம்பு போல வளைத்துப் போட்டேன். அது முகர்ந்து பார்த்துத் தும்மியது. வயல்காரர் ஒருவர் அடித்துப் போட்டிருந்த சாரைப்பாம்பைக் குச்சியில் எடுத்து வந்து வைத்தேன். அதையும் முகர்ந்தது, உதட்டைச் சுருட்டியது, அவ்வளவுதான். கயிற்றை நேர் எதிரே மெதுவாக இழுத்தேன், பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அதன் பின்பக்கமாகக் குனிந்து போய், அது எதிர்பாராத நேரத்தில் விலாவுக்குப் பக்கத்தில் கயிற்றைச் சட்டென்று இழுத்தேன். முளையைப் பிடுங்கிக்கொண்டு முருங்கை மரம்வரை போய்விட்டது.

அடுக்களை ஜன்னலிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச பாருங்க, அது கயித்தக் கண்டா பேடிச்சுது? ஒங்களக் கண்டு பேடிச்சுது. ஒரு ஆம்பள வேட்டிய மடிச்சுக் கெட்டிட்டு நாலு காலுல போனா, குதிர என்ன, பாதிரியாரே ஓடுவாரு.”

அவள் சொன்னதையும் எழுதினேன். அதில் விஷயம் இருந்தது. குதிரையின் கண்கள் நம்முடையவை போல முகத்தின் முன்னால் இல்லை, பக்கவாட்டில் இருக்கின்றன. முதுகுப்பக்கம் வருவதுகூட அதற்கு ஏறக்குறையத் தெரியும். ஆனால் ஓரத்தில் தெரிவது என்ன பொருள் என்று விளங்காது. ஏதோ அசைகிறது என்று மட்டும் தெரியும். தலையைத் திருப்பி நேராகப் பார்த்தால்தான் விளங்கும். அதுவரை காத்திருக்கும் சுபாவம் அதற்கு இல்லை. கொம்பில்லாத, கோரைப்பல் இல்லாத, ஓட மட்டும் தெரிந்த பிராணி. முதலில் ஓடிவிட்டு, பிறகுதான் யோசிக்கும். நல்லபாம்பு நேர் எதிரே, வெட்டவெளியில், நிதானமாக வந்தது. குதிரைக்குத் தலையைத் தாழ்த்திப் பார்க்க அவகாசம் கிடைத்தது. பார்த்ததும் பயம் அளவுக்குள் அடங்கிவிட்டது. ஓலை பக்கத்திலிருந்து சொல்லாமல் வந்தது. இது என் ஒரு குதிரையைப் பற்றித்தான். பாம்பிடம் கடிபட்ட குதிரை வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். எனக்குத் தெரியாது.

அப்படியானால் மயிலாடி வளைவில் ஓரத்திலிருந்து அசைவது எது? ஐந்தாவது செவ்வாய் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போனேன். கல் அசையாது. கல்லுக்குப் பக்கத்தில், சில்லு சாலைக்குத் தெறிக்காமல் இருக்கக் கல்தச்சர் ஒரு நனைந்த சாக்கைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து ஆவணியில் வீசும் காற்று லேசானதல்ல. அது சாக்கின் அடிநுனியைத் தூக்கித் தூக்கித் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. குதிரை மிரண்டது. விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய பக்கங்களைப் பார்த்தால் கணக்கு இடித்தது. முதல் நாளும் மூன்றாவது செவ்வாயும் ‘பலத்த காற்று’ என்று எழுதியிருக்கிறேன். சரி. இரண்டாவது, நான்காவது செவ்வாய்களில் காலையில் காற்றே இல்லை. சாக்கு அசைந்திருக்க முடியாது. இருந்தும் மிரண்டிருக்கிறது.

இதற்கு விடை ஆறாவது செவ்வாய் தற்செயலாக வந்தது. என் கைக்கடிகாரம் நின்றுவிட்டது. வளைவை நெருங்கும்போது வார் முழங்கையில் தளர்ந்து கிடக்க, நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தபோது பட்டறை பின்னால் போயிருந்தது. காற்றில்லை, குதிரை மிரளவில்லை. காத்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் ஏமாந்து நின்றார்கள். கல்தச்சர், “இன்னைக்கு வெச்சது சின்னக் கல்லு, அதாக்கும்” என்று கூட்டத்துக்குச் சமாதானம் சொல்வது கேட்டது.

அன்றுதான் உறைத்தது. வளைவு நெருங்கும்போதெல்லாம், மிரளப்போகிறதே என்று வாரை இறுக்கிப் பிடித்தது நான். என் பயம் என் விரல் வழியாக, வார் வழியாக, குதிரையின் வாய்க்குப் போயிருக்கிறது. ‘என்னமோ இருக்கிறது, மிரளு’ என்று நானே அதற்குச் சொல்லியிருக்கிறேன். நல்லபாம்பு வந்த அன்று பயத்தில் வாரையே விட்டுவிட்டேன். அதனால் சேதி போகவில்லை.

இதைக் கல்தச்சரிடம் சொல்வதா, வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவரே என் வீட்டுக்கு வந்தார். குளித்து வெள்ளை வேட்டி கட்டியிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. கல்தூள் இல்லாமல் பத்து வயது குறைந்திருந்தார்.

“சாறே, ஒரு காரியத்துக்கு வந்தேன். அடுத்த செவ்வாய் குதிரையக் கண்டிப்பாக் கொண்டு வரணும்.”

“எப்படியும் வருவேனே. என்ன காரியம்?”

விஷயம் இதுதான். தாழக்குடிப் பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம். பாம்புகளுக்கென்று விட்டுவைத்திருக்கும் தோப்பான அவர்களுடைய நாகக் காவில் மரம் விழுந்து பழைய கல் உடைந்துவிட்டது. ஐப்பசி ஆயில்யத்தில் பிரதிஷ்டை செய்ய ஐந்துதலை நாகம் ஒன்று இவரிடம் சொல்லியிருந்தார்கள். நான்கு மாதமாக அடித்து முடித்துவிட்டார். இப்போது அந்தக் குடும்பத்தின் காரணவர், அதாவது எல்லாவற்றையும் நிர்வகிக்கும் மூத்த மாமா, ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டு, ‘குதிரை மிரண்டால் எடுத்துக்கொள்கிறேன், மிரளாவிட்டால் வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“வேண்டாம் என்று சொன்னால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள்” என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “அது நடக்குமா சாறே? ஒரு காவுக்குன்னு அளவெடுத்து, அவங்க நாளு நட்சத்திரம் பாத்து அடிச்ச கல்ல வேற காவில வெப்பாங்களா? வெச்சா ரெண்டு குடும்பத்துக்கும் ஆகாதும்பாங்க. நாலு மாசம். எனக்க பட்டறையில அது கெடந்தா, போறவன் வாறவன் எல்லாம், ‘குதிர தள்ளுன கல்லு’ன்னு சொல்லுவான். பொறவு எனக்கிட்ட ஆரு வருவா?”

மனைவி மோர் கொண்டு வந்து வைத்தாள். நான் சாக்கைப் பற்றியும் காற்றைப் பற்றியும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் மோரைக் குடித்தபடி தலையாட்டினார்.

“சாக்குக்கா? சாக்கு எல்லாப் பட்டறையிலயும் கெடக்கு. எனக்கிட்ட மட்டும் எதுக்குப் பேடிக்கி?”

வளைவில் காற்று நேராக அடிப்பது அங்கேதான் என்று நான் சொல்வதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

அந்தச் செவ்வாய் காலை எட்டு மணிக்கே வளைவில் திருவிழா. மாட்டு வண்டி ஒன்று கல்லை ஏற்றிப் போக வந்து நின்றது. காரணவர் அறுபத்தைந்து வயதிருப்பவர். மேல்முண்டு, காதில் கடுக்கன். கூடவே முப்பது வயது மருமகன். காரணவர் நாற்பது வருஷம் கோர்ட்டுப் படி ஏறி இறங்கியவர் என்று சுற்றி நின்றவர்கள் மரியாதையோடு பேசிக்கொண்டார்களாம்.

தூரத்திலிருந்தே விபரீதம் தெரிந்தது. காரணவருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று கல்தச்சர் பட்டறை முழுவதையும் பெருக்கிச் சுத்தம் செய்திருந்தார். சில்லுக் குவியல் இல்லை. சாக்கும் இல்லை. காற்று இருந்தும் அசைய ஒன்றுமில்லை. நடுவில் ஐந்துதலை நாகம் மட்டும், அப்போதுதான் கழுவிவிட்ட ஈரத்தோடு கறுப்பாக மின்னிக்கொண்டு நின்றது.

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. வளைவுக்கு முப்பது கஜம் முன்னால் கல்தச்சரின் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் வாரை இறுக்கினேன். வேண்டுமென்றேதான். ஒரு விரல் அளவு இழுத்தால் போதும், நாலு மாத உழைப்பு தப்பிக்கும் என்று நினைத்தேன்.

குதிரை காதை ஒரு முறை பின்னால் மடித்தது. பிறகு மூக்கை நீட்டியது. இறுக்கிய வாரையும் இழுத்துக்கொண்டு நேராகக் கல்லிடம் போய் நின்று, நடுத்தலையை நக்கியது.

கல் பளபளக்க வேண்டும் என்று கல்தச்சரின் மனைவி அரிசி கழுவிய தண்ணீரால் துடைத்திருக்கிறாள். என் வீட்டில் தினமும் காலையில் குதிரைக்கு வைப்பதும் அந்தத் தண்ணீர்தான். என் விரல் சொன்னதைவிட அதன் வயிறு சொன்னது பலமாக இருந்துவிட்டது. அது இன்னும் மூன்று முறை நக்கியது.

பிறகு எதிர்ப் பட்டறைக்காரர், “உசிருள்ள பாம்பு மக்கா. குதிரைக்கு முத்தம் குடுக்கு” என்றார். கூட்டம் வெடித்துச் சிரித்தது.

கல்தச்சர் உளியைக் கையில் பிடித்தபடி நின்றார். “கண்ணு இன்னும் தொறக்கல்ல காரணவரே. காவில வெச்சிட்டுத்தான் கண்ணு தொறக்கியது. அதாக்கும்...”

“கண்ணு தொறந்த பொறவும் நக்குனா என்னவே செய்யது?” என்றார் காரணவர். மேல்முண்டை உதறித் தோளில் போட்டார். “வண்டியத் திருப்புங்கலே.”

வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். நான் இறங்கினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கையில் நாட்குறிப்பு இருந்தது.

“காரணவரே, ஒரு நிமிஷம். இந்தக் குதிரை உண்மையான நல்லபாம்பைக் கண்டும் மிரளவில்லை. எழுதி வைத்திருக்கிறேன்.”

எழுதி வைத்திருக்கிறேன் என்ற சொல் கேட்டதும் அவர் நின்றுவிட்டார். “எங்க, வாசியும்.”

வாசித்தேன். நாள், கிழமை, நாலு மணி பத்து நிமிஷம், மூன்றடி தூரம், ஒரு சாண் உயரம், பாதிப் படம்.

“எடத்துலேருந்து வலத்துக்கா, வலத்துலேருந்து எடத்துக்கா?”

“இடமிருந்து வலம்.”

“நீரு அப்போ எங்க இருந்தீரு?”

“வண்டியில். கால் இரண்டும் ஆசனத்தின் மேல்.”

“அதும் எழுதியிருக்கா?”

“எழுதியிருக்கிறது.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைத் தாமே படித்துப் பார்த்தார். “அப்போ நெசப் பாம்பக் கண்டும் நிக்கும், இந்தக் கல்லக் கண்டும் நிக்கும். ரெண்டையும் ஒண்ணுபோல நெனச்சிருக்கு.”

“மாமா, அப்பிடிப் பாத்தா அம்மிக்கல்லக் கண்டும் நிக்குமே” என்றான் மருமகன்.

“ஏலே, அம்மிக்கல்லுக்குப் படமிருக்கா?”

மருமகன் அடங்கினான். ஆனால் காரணவர் அடங்கவில்லை. என் பக்கம் திரும்பி, “இத்தன செவ்வாயும் இங்க மிரண்டுதே, அது எதுக்கு?” என்றார்.

கல்தச்சர் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று அவர் கண் கெஞ்சியது. சொல்லாவிட்டால் இவ்வளவு நேரம் வாசித்ததற்கும் மதிப்பில்லை. சொன்னேன். சாக்கு, காற்று, என் கை, எல்லாவற்றையும் சொன்னேன். இன்று காலை வாரை இழுத்ததையும் சொன்னேன். பட்டறைக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்த சாக்கை மருமகன் தேடி எடுத்து வந்து பழைய கயிற்றில் போட்டான். ஒரு காற்று வந்தது. சாக்கின் நுனி எழுந்து தரையில் அடித்தது. குதிரை ஒரே பாய்ச்சலில் சாலையின் மறுபக்கம் போய், எதிர்ப் பட்டறைக்காரர் தண்ணீர் வைத்திருந்த தொட்டிக்குள் ஒரு காலை வைத்துவிட்டது. இப்போது அவர் சிரிக்கவில்லை. மற்ற எல்லோரும் சிரித்தார்கள். காரணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“அப்போ ஒண்ணர மாசமாச் சனங்க சாக்கு வாங்க வந்திருக்கு” என்றார்.

கல்தச்சர் சாக்கை அவிழ்த்துச் சுருட்டினார். தலை நிமிரவில்லை.

சிரித்து முடித்த பிறகுதான் காரணவர் முதன்முறையாகக் கல்லின் பக்கத்தில் போனார். அதுவரை அவரும் மற்றவர்களைப் போலக் குதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்கம் குனிந்து சுருள்களைப் பார்த்தார்; படத்தின் ஓரத்தை விரலால் தடவினார். இடதுபக்கத்திலிருந்து இரண்டாவது தலைக்கு முன்னால் நின்றுவிட்டார். அந்தத் தலை மட்டும் மற்ற நான்கையும்போல நேராக இல்லை, இம்மியளவு சாய்ந்திருந்தது.

“இது எதுக்கு இப்பிடிச் சரிஞ்சிருக்கு?”

“கல்லுல அந்த எடத்துல ஒரு கோடு ஓடிச்சு. அத ஒதுக்கி அடிச்சேன்” என்றார் கல்தச்சர், திருடியதை ஒப்புக்கொள்பவர் போல.

“எங்க காவுல பாம்பு உண்டு. சின்ன வயசுலேருந்து பாக்கேன்” என்றார் காரணவர். “திரும்பதுக்கு முன்ன இப்பிடித்தான் சரிக்கும். மத்த நாலும் கும்பிடதுக்கு நிக்கி. இது போவப் போவுது.” அந்தத் தலையின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மருமகனிடம், “லேய், வைக்கோல நல்லாப் பரத்து. படம் தட்டாம ஏத்தணும்” என்றார்.

கல்லை ஏற்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று. எட்டுப் பேர் பிடித்தார்கள். எதிர்ப் பட்டறைக்காரரும் வந்து கடப்பாரை போட்டு நெம்பிக் கொடுத்தார். வண்டி சாலை முனையில் மறைந்ததும் கல்தச்சர் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பாதி வேட்டியில் சிந்தியது.

நான் நேரம் பார்த்து எழுத உட்கார்ந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“சாறே, இன்னைக்கு உள்ளதும் இதில எழுதுவீளா?”

“எழுதுவேன்.”

“சாக்கையுமா?”

“சாக்கையும்.”

“குதிர நக்குனதையுமா?”

“ஆமாம்.”

“எத்தன வட்டம் நக்கிச்சு?”

“நான்கு.”

“ரெண்டுன்னு எழுதப்பிடாதா?”

“நான்கு முறைதானே நக்கியது, ஆசாரியாரே.”

“செரி, மூணு. எனக்கும் வேண்டாம், ஒங்களுக்கும் வேண்டாம்.”

நான்கு என்றே எழுதினேன். அவர் பக்கத்திலேயே நின்று, நான் எழுதி முடிக்கும்வரை எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.